கள்ளியும் கள்ளியல்லாததும்



சில ஆண்டுகளுக்கு முன், வைகாசி மாதக் கடைசியில், நாம் வடகரப்பதிக்குச் சென்றிருந்தோம். அங்கே நம் தாய்மாமன் வீடு இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறினால், எல்லைச் சாவடியைத் தாண்டியதும் கேரள நாடு தொடங்கிவிடுகிறது. ஆனால் நாம் மனத்தில் எழுதி வைத்திருக்கும் கேரளம் அங்கே இல்லை. காயலும் இல்லை, வாய்க்கால் நிறைந்த வயலும் இல்லை. பனைமரங்களும், தென்னந்தோப்புகளும், ஆங்காங்கே கரிசல் மண்ணும், ஆழ்துளைக் கிணற்றை நம்பிய நிலங்களுமே கண்ணிற்படுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே சீறி வருகிறது; மழையை மட்டும் மலைக்கு மேற்கிலேயே பெரும்பாலும் இறக்கிவிட்டு வருகிறது. சித்தூர் வட்டத்தின் இந்தக் கீழ்ப்பகுதி பழைய கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 முதல் கேரள மாநிலத்தில் அடங்கியது. மக்களில் பெரும்பகுதியினர் பேசுவது தமிழ். ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே போதும்: வடகரப்பதி, ஒழலப்பதி, கோழிப்பதி, எருத்தேம்பதி. பதி என்றால் ஊர் என்பதை நாம் நிகண்டில் படித்துத் தெரிந்துகொண்டோம். அவர்கள் அதில் குடியிருக்கிறார்கள்.

இத்தகைய வறண்ட நிலத்தில் வேலிக்கு ஏற்றது கள்ளி. ஆடு மாடு எளிதில் வாய் வையா; தண்ணீர் ஊற்ற வேண்டுவதில்லை; ஒரு கிளையை ஒடித்து நட்டுவிட்டால் அது தானே வளர்ந்துகொள்ளும். மாமன் வீட்டுத் தோட்டத்தின் தென்புறம் முழுவதும் அப்படிப்பட்ட ஒரு வேலி, ஓர் ஆளுக்கு மேல் உயரமாக, நெருக்கமாக நின்றது. அன்றியும், வீட்டின் முற்றத்து மூலையில், கூரையை எட்டிப் பார்த்துக்கொண்டு, தூண் தூணாக, சாம்பலும் பசுமையும் கலந்த நிறத்தில் மற்றொரு செடி நின்றது. அதை நம் பாட்டி நெடுங்காலத்துக்கு முன் யாரிடமிருந்தோ ஒரு துண்டு வாங்கி வந்து நட்டார்களாம். 'ராப்பூக் கள்ளி' என்பது அந்த வீட்டில் அதற்கு வழங்கிய பெயர்.

நாம் போய்ச் சேர்ந்த அன்று வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்திய மாதம் மாமனின் பேரன், ஆறு வயதுப் பிள்ளை, வேலிக்குள் விழுந்த பந்தை எடுக்கப் போய்க் கள்ளிக் கிளையை ஒடித்திருக்கிறான். பால் தெறித்துக் கண்ணில் பட்டுவிட்டது. கண் சிவந்து வீங்கி, இரண்டு நாள் வெளிச்சத்தைப் பார்க்க மாட்டாமல் தவித்திருக்கிறான். கோயம்புத்தூரில் கண் மருத்துவரிடம் காட்டி, நல்ல வேளையாகப் பார்வைக்குக் குறைவின்றித் திரும்பினார்கள். அன்றிலிருந்து அத்தைக்கு ஒரே பிடிவாதம்.

"வேலியும் வேண்டாம், முற்றத்துல நிக்கிற அந்தக் கள்ளியும் வேண்டாம். ரெண்டையும் வெட்டிக் கொளுத்திப் போடுங்க" என்றார் அத்தை.

"வேலியை எடுக்கலாம். அது அம்மா வெச்ச செடி. அதுல எப்படிக் கத்தி வெக்கறது?" என்றார் மாமா. பிறகு நம்மைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை, நீங்கதான் படிச்சவங்க" என்றார்.

நாம் படித்தது வரலாறும் இலக்கியமும். தொழில், நடுவணரசின் அலுவலகம் ஒன்றில் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது. செடி கொடிகளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் மடியிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"ஏனுங்க தம்பி, இதையும் கொஞ்சம் பாருங்க. கள்ளி நல்ல மாட்டுத் தீவனம், கோடைக்கு ஏத்ததுன்னு இதுல போட்டிருக்குது. எந்தக் கள்ளியச் சொல்றாங்க? வேலியில நிக்குதே, இதையா?"

தாளை வாங்கிப் பார்த்த நமக்கு முகம் சுண்டிவிட்டது. அந்தத் துண்டு வெளியீட்டைத் தமிழாக்கியவர் நாமேதாம். மூலத்தில் 'காக்டஸ்' என்று இருந்தது. அகராதியைப் பார்த்தோம்; 'கள்ளி' என்று கண்டோம்; எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டோம். முள்ளில்லாத சப்பாத்தி இனத்தைத் தரிசில் வளர்த்து மாட்டுக்குத் தீவனமாகத் தருவதே அந்த வெளியீட்டின் பொருள். மெக்சிகோவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் துனீசியாவிலும் பஞ்ச காலத்தில் கால்நடைகளைக் காப்பது அச்செடிதான். அதன் மடலில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் நீர். நம் நாட்டிலும் 2022 முதல் தரிசு நிலங்களுக்கு உகந்த பயிராக அது பேசப்பட்டு வருகிறது. ஆனால் வடகரப்பதியில், ஏன், தமிழ் வழங்கும் எந்தச் சிற்றூரிலும், கள்ளி என்றால் பால் வடிவது. பிள்ளையின் கண்ணைக் கெடுக்க இருந்தது. பெரியவர் அறிவாளி, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று காத்திருந்தார். கேளாமலே அரிந்து போட்டவர் எவரேனும் இருந்தாரோ என்ற எண்ணம் அன்றிரவு நம்மைத் தூங்க விடவில்லை.

மறுநாட் காலையில் நாம் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கைக்கத்தியையும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். இனி இந்த இரண்டு செடிகளையும் நம் கண்ணாலேயே பார்த்து எழுதுவது என்று உறுதி செய்துகொண்டோம்.

முதலில் பால். நீண்ட கழியின் நுனியில் கத்தியைக் கட்டி, எட்ட நின்று, வேலிச் செடியை இலேசாகக் கீறினோம். கீறிய கணமே வெண்மையான பால் பொங்கிச் சொட்டியது. முற்றத்துச் செடியை அவ்வாறே கீறினோம். பசுமையான சதை ஈரமாக மின்னியது, நீரும் வழவழப்பும் கண்டன, பால் இல்லை. அத்தை வாயிற்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து முள். வேலிச் செடியின் விளிம்பு அலை அலையாக வளைந்திருக்கிறது. ஒவ்வொரு மேட்டிலும் சரியாக இரண்டு முட்கள், குட்டையாக, இரு திசையும் நோக்கிப் பிரிந்து நிற்கின்றன. எங்கே பார்த்தாலும் இரண்டுதான். இளங்கொழுந்தின் நுனியில் அந்த இரு முட்களுக்கு நடுவே ஒரு சிறிய இலை இருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்துவிட்டது. முற்றத்துச் செடியிலோ முள் அப்படி நேரே தண்டிலிருந்து புறப்படவில்லை. வரிசை வரிசையாக, பஞ்சு ஒட்டியதுபோன்ற சிறு திட்டுகள் இருக்கின்றன. அந்தத் திட்டிலிருந்து ஊசிகள் கொத்தாகக் கிளம்புகின்றன: ஒன்றில் நான்கு, ஒன்றில் ஏழு, மேலே போகப் போகச் சில திட்டுகளில் ஒன்றுமே இல்லை. அமெரிக்காவில் தோன்றிய அந்தக் குடும்பத்துக்கே உரிய முத்திரை இந்தப் பஞ்சுத் திட்டு என்று பின்னால் அறிந்தோம். முள்ளும் கிளையும் பூவும் எல்லாம் அதிலிருந்தே பிறக்கும். வேறு எந்தக் குடும்பத்துச் செடிக்கும் அது கிடையாது. ஆகையால், பூவுக்குக் காத்திராமல், கீறியும் பார்க்காமல், எட்ட நின்றே ஒரு செடியின் குலத்தைச் சொல்லிவிடலாம்.

வேலிச் செடிக்குப் பெயர் சதுரக்கள்ளி. இதைச் சொன்னவர் பெரியவர். நாம் விளிம்புகளை எண்ணினோம். மூன்று! மற்றொரு கிளையில் எண்ணினோம், அதிலும் மூன்று. வேலியின் கோடி வரையில் நடந்து எண்ணியதில், பெரும்பாலானவை மூன்று பட்டை. அடித்தண்டுகள் சிலவும் கொழுத்த கிளைகள் சிலவும் நான்கு. ஒன்றே ஒன்று ஐந்து. "மூணு பட்டை இருக்கிறதுக்குச் சதுரம்னு பேர் வெச்சவன் யாருங்க?" என்று மாமா சிரித்தார். சிரிப்பதற்கில்லை. ஒரே செடி இடத்துக்கு இடம், கிளைக்குக் கிளை மாறுவது இந்தச் சாதிக்கு இயல்பு. ஒரு கிளையை மட்டும் கண்டு பெயர் சூட்டுகிறவர், யானையைத் தடவிய குருடர்களில் ஒருவராவார்.

இந்தப் பெயருக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த வான் ரீடு என்பார், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூலில் மலையாள நாட்டுச் செடிகளைப் படத்தோடு எழுதுவித்தார். சேர்த்தலைப் பக்கத்து மருத்துவர் இட்டி அச்சுதன் செடிகளைச் சொன்னார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அறிஞர் மூவர் உடனிருந்தனர். அதன் இரண்டாம் தொகுதியில் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருக்கள்ளி ஆகிய மூன்றும் அடுத்தடுத்து, நம் பெயர்களாலேயே, இலத்தீன் எழுத்தில் நிற்கின்றன. 1753இல் லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது, மூன்றாவதை 'யூபோர்பியா திருக்கள்ளி' என்றே வைத்துவிட்டார். உலகில் எந்த மூலையில் அந்தச் செடி முளைத்தாலும் அதற்கு இன்று அதுவே பெயர். சதுரக்கள்ளிக்கு அவர் வைத்தது 'யூபோர்பியா அன்டிகோரம்', அதாவது முன்னோருடைய கள்ளி. வட ஆப்பிரிக்காவில் ஜூபா மன்னனின் மருத்துவராயிருந்த யூபோர்பஸ் என்பவர் பெயரால் பழைய உரோமானியர் வழங்கிய மருந்துப் பிசின் இதிலிருந்து வந்தது என்று அவர் எண்ணினார். உண்மையில் அந்தப் பிசின் மொராக்கோ நாட்டு வேறொரு செடியினுடையது. ஆக, லின்னேயசே இங்கே ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறார். இதைப் படித்தபோது, நம் துண்டு வெளியீட்டை நினைத்துச் சற்றே ஆறுதல் கொண்டோம் என்பதை மறைப்பானேன்?

வான் ரீடின் நூலை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் கொண்டுவந்தவர் தாவர நூற் பேராசிரியர் கே. எஸ். மணிலால். ஆங்கிலப் பதிப்பு 2003இல் வந்தது, மலையாளம் 2008இல். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நம்மைப் போன்றோர் இதை எண்ணி வெட்கமும் பெருமையும் ஒருங்கே கொள்ள வேண்டும். அவர் ஒரு பெயரை எழுதுமுன் அந்தச் செடியைத் தேடிச் சென்று கண்டார்; நாம் அகராதியைத் தேடிச் சென்றோம்.

இனிப் பூவைப் பார்ப்போம். சதுரக்கள்ளியின் பூ எவர் கண்ணையும் இழுக்காது. விளிம்பு மேடுகளில், முள்ளுக்குச் சற்று மேலே, மஞ்சட் பசுமையான பொத்தான்களைப் போல மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். ஒரு பொத்தான் ஒரு பூவன்று. அஃது ஒரு கிண்ணம். அதற்குள் ஒற்றைத் தாளாக நிற்கும் ஆண் பூக்கள் பல. நடுவில் ஒரே பெண் பூ. விளிம்பில் தேன் சுரக்கும் தடித்த சுரப்பிகள். ஈயும் எறும்பும் அங்கே மொய்க்கும். பின்னர்ப் பெண் பூ காயாகிறது. மூன்று அறைகளைக் கொண்ட சிறிய காய். நன்கு முற்றி வெயிலில் உலர்ந்தால் 'படக்' என்று வெடித்து விதையை எறிந்துவிடும்.

வெடிக்கும் ஓசையைக் கேட்டதும் நமக்குக் குறுந்தொகை நினைவுக்கு வந்தது. தலைவன் செல்லும் பாலை வழியில், கள்ளியின் காய் வெடிக்கும் ஓசைக்கு அஞ்சி இணைப்புறா விலகிப் பறக்கிறது என்று ஒரு பாட்டு உண்டு. அந்தப் பாட்டிலேயே கள்ளியின் முள் கவைத்தது, அதாவது இரண்டாகப் பிரிந்தது, என்றும் வருகிறது. கல்லூரியில் இதை நாம் படித்துத் தேர்வும் எழுதினோம். ஆனால் அன்றுதான், வடகரப்பதி வேலியோரத்தில் நின்று, அந்தப் புலவர் எதைப் பார்த்தார் என்பதைக் கண்டோம். இணை முள், வெடிக்கும் காய். இவ்விரண்டும் சேர்ந்த செடி பால்வடியும் கள்ளியே. சப்பாத்தியின் பழம் சதைப் பழம். அது வெடித்துப் புறாவை விரட்டாது. அதன் முள்ளும் இவ்வாறு இரண்டிரண்டாகக் கவைத்து நிற்பதில்லை. மேலும் சப்பாத்தியும் தூண் கள்ளியும் இந்நாட்டுக்கு வந்ததே போர்ச்சுகீசியர் கடலில் வழி கண்ட பிற்பாடு. அந்தக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. ஒரே ஒரு விலக்கு உண்டு: மரக்கிளையில் கயிறு கயிறாகத் தொங்கும் 'ரிப்சாலிஸ் பாச்சிபெரா' என்னும் செடி ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே வளர்கிறது. முள்ளற்ற அதைக் கண்டால் எவரும் கள்ளி என்று சொல்ல மாட்டார்கள்.

முற்றத்துச் செடியின் பூவைக் காண நாம் மூன்று இரவுகள் விழித்திருக்க நேர்ந்தது. ஒரு சாண் நீளத்துக்கு, பச்சைக் காம்பும் செம்மை படர்ந்த நுனியுமாக மொட்டுகள் பக்கவாட்டில் நீண்டிருந்தன. பதினொன்று எண்ணினோம். முதல் இரவு ஒன்றும் இல்லை. இரண்டாம் இரவு இரண்டு மலர்ந்தன. மூன்றாம் இரவு, விளக்கு வைத்துச் சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால், ஐந்து ஒருசேர விரிந்துகொண்டிருந்தன. வெளியிதழ் பசுமையும் செம்மையுமாக மடிந்துகொள்ள, உள்ளிதழ் வெள்ளை வெளேரென்று கிண்ணம்போல் நிமிர்ந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்கள்; நடுவிலே விரல்களைப் போல் பிரிந்த சூல்முடி. மணம் முற்றம் முழுவதும் நிறைந்தது. பேரன் ஒரு கண்ணை இடுக்கியபடியே, மாமனின் தோளில் உட்கார்ந்து பார்த்தான். பத்து மணியளவில் பெரிய விட்டில் ஒன்று வந்து, அந்தரத்தில் நின்றபடி, நீண்ட உறிஞ்சியை உள்ளே விட்டது. விடிந்து வெயில் ஏறியபோது ஐந்தும் துவண்டு தொங்கின. மிச்சமிருந்த நான்கில் மூன்று, மொட்டாகவே மஞ்சளடித்து உதிர்ந்துவிட்டன.

இது எந்தச் செடி? கோயம்புத்தூரில் தாவர நூல் கற்ற நண்பர் ஒருவருக்கு நாம் படங்களையும் குறிப்புகளையும் அனுப்பினோம். 'செரியஸ்' என்னும் பேரினம் என்பதை அவர் உடனே சொல்லிவிட்டார். எந்தச் சிற்றினம் என்று கேட்டபோதுதான் தயங்கினார். தோட்டக்காரர்கள் இதை நெடுங்காலமாக 'செரியஸ் பெரூவியானஸ்' என்றே விற்றார்கள். ஆனால் இது பெரூ நாட்டுச் செடியன்று. இன்றைய நூல்கள் இத்தகைய தோட்டச் செடிகளைப் பெரும்பாலும் தென் பிரேசில், உருகுவே, ஆர்ஜென்டினா பகுதிகளுக்கு உரிய 'செரியஸ் ஹில்ட்மன்னியானஸ்' என்பதில் அடக்குகின்றன. சிலவற்றுக்கு 'ரெப்பாண்டஸ்' என்ற பெயரும் வழங்குகிறது. நண்பர் நம்மிடம் எட்டுக் கேள்விகள் கேட்டார்: அடித்தண்டில் எத்தனை பட்டை, நுனியில் எத்தனை, இளந்தண்டில் நீலம் பூத்திருக்கிறதா, முள்ளின் நீளம், பூவின் நீளம், சூல்பையில் செதிலோ முள்ளோ உண்டா, பழம் எப்படிப் பிளக்கிறது, விதை எப்படி. நாம் திரும்பவும் எண்ணப் புகுந்தோம். அடியில் ஐந்து பட்டை; நடுவில் ஆறு; ஒரு கிளையில் ஏழு; வீட்டு நிழலில் வளர்ந்த ஒரு கிளை நான்கே பட்டையோடு மெலிந்து ஓடியிருந்தது. முள்ளும் அப்படியே: ஆடு எட்டும் உயரத்தில் அடர்த்தி, அதற்கு மேலே அருகிவிடுகிறது. இரண்டு கிளைகளைத் தனித்தனியே வெட்டி அனுப்பியிருந்தால், இரண்டு சிற்றினம் என்று எவரேனும் எழுதியிருப்பார்கள். பழத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் நம்மால் விடை சொல்லக் கூடவில்லை.

"பழமா? இது வெச்ச நாளிலிருந்து காய்ச்சதே இல்லீங்க" என்றார் அத்தை.

நண்பர் அதற்குக் காரணம் சொன்னார். இந்தச் செடி தன் மகரந்தத்தால் தானே சூல் கொள்ளாது. வேறு வழியில் பிறந்த மற்றொரு செடியின் மகரந்தம் வேண்டும். துண்டு வெட்டி நட்ட செடியெல்லாம் உண்மையில் ஒரே செடி. ஊர் முழுக்க நட்டாலும் பயனில்லை. இஸ்ரேல் நாட்டார் பாலைநிலத்தில் இதைப் பழப்பயிராக வளர்த்தபோது இதைக் கண்டறிந்தனர். முள்ளில்லாத செம்பழம், வெண்சதை, கருவிதை, உண்ணத் தக்கது. பாட்டி வைத்த செடி இத்தனை ஆண்டுகளாகத் துணையின்றிப் பூத்திருக்கிறது.

அடையாளம் தவறுவதால் விளையும் நன்மை தீமைகளைப் பற்றி நம் சென்னை மாநகரமே ஒரு கதை சொல்லும். 1786இல் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் கும்பினி மருத்துவர், சாயத்துக்கு உதவும் கோச்சினீல் பூச்சியைச் சென்னையில் புல்லின்மேல் கண்டுவிட்டதாக இலண்டனுக்கு எழுதினார். அது வேறு பூச்சி. பிறகு மெய்யான பூச்சிக்கு உணவாகச் சப்பாத்தியைச் சைதாப்பேட்டையில் தோட்டமாகவே வளர்த்தார்கள். 1795இல் நீல்சன் என்னும் படைத் தலைவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்ததும் நல்ல சாயப் பூச்சியன்று, காட்டுப் பூச்சி. அது சாயத்துக்கு உதவவில்லை. ஆனால் ஒருவகைச் சப்பாத்தியைத் தின்று அழித்தது. 1836 முதல் 1838 வரையில் அதைத் தென்னாட்டில் விட்டபோது இங்கேயும் அந்த வகையை ஒழித்தது. எனினும் மற்றொரு வகைச் சப்பாத்தியை அது தொடவேயில்லை. அந்த வகை நம் புறம்போக்குகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. 1926இல் இலங்கையிலிருந்து வேறோர் இனப் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பின்னரே சில ஆண்டுகளில் அதுவும் மடிந்தது. நம் கண்ணுக்கு இரண்டும் சப்பாத்தி. பூச்சிக்கு ஒன்று உணவு, மற்றொன்று அன்று. தாவர நூலில் அவை நம்மைவிடத் தேர்ந்தவை!

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். தில்லியில் வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரிடம் கேட்டுப் பாருங்கள்: சப்பாத்தியை 'நாகபனி' என்பார், பால்வடியும் கள்ளியைத் 'தூஹர்' என்பார். இரண்டையும் அவர் ஒன்றாக எண்ணுவதில்லை. கல்கத்தாவில் மனசா தேவிக்கு உரியதாக வைத்துப் போற்றுவது இலைக்கள்ளி. சப்பாத்தி அங்கே 'பணிமனசா'. ஆந்திரத்தில் அது 'நாகஜெமுடு'. நம்மிலும் 'நாகதாளி' என்ற நல்ல சொல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை மறந்து, பள்ளிப் புத்தகம் முதல் அரசாங்கத் தாள் வரை எல்லாவற்றையும் கள்ளியில் தள்ளிவிட்டோம். கள்ளிப்பால் என்ற சொல்லைத் தமிழ்நாட்டுச் சில மாவட்டங்களில் எந்த நடுக்கத்தோடு சொல்வார்கள் என்பதும், பிறந்த பெண் மகவைக் காக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்காக வந்தது என்பதும் நேயர்கள் அறியாததன்று. அத்தகைய சொல்லை எடுத்து, மாட்டுக்குத் தீவனம் என்று எழுதினோமே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகரத்து நாற்றங்கால்களில் 'காக்டஸ்' என்று தொட்டியில் விற்பனவற்றில் பாதி கள்ளியினம். முக்கோணத் தண்டில் சிற்றிலைகள் அடுக்கி நிற்கும் செடியும், முள்ளோடு சிவந்த சிறு பூப் பூக்கும் செடியும் பால் வடிவனவே. பிள்ளைகள் ஓடியாடும் மாடிப் புறத்தில் வைக்கிறவர்கள், பஞ்சுத் திட்டு உண்டா என்று பார்த்து வாங்கவேண்டும். பால் கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. தூய நீரைத் தாராளமாக, நெடுநேரம், ஊற்றிக் கழுவ வேண்டும். உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது முதலிய கைவைத்தியங்களில் பொழுதைப் போக்கலாகாது. தொட்ட கையையும் கத்தியையும் கழுவ மறக்கக் கூடாது.

தில்லிக்குத் திரும்பியதும் நாம் முதலில் செய்த வேலை, மேலதிகாரியிடம் சென்று பிழையை ஒப்புக்கொண்டது. அவர் வங்காளி. "மனசாவையா மாட்டுக்குப் போடச் சொன்னீர்கள்?" என்று திகைத்து, உடனே கையொப்பமிட்டார். இரண்டாம் பதிப்பில் 'முள்ளில்லா நாகதாளி (சப்பாத்தி)' என்று இருக்கிறது. அதன்கீழே, மூலத்தில் இல்லாத ஒரு வரியை நாமே சேர்த்தோம்: 'கீறினால் பால் வடியும் கள்ளி இதுவன்று, அதைக் கால்நடைக்குத் தரக்கூடாது.' மொழிபெயர்ப்பாளன் மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று அலுவலகத்தில் இளைஞர் ஒருவர் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். பெரியவருக்கு அந்தத் தாளில் இரண்டு படிகள் அனுப்பினோம்.

வடகரப்பதியில் தென்புறத்து வேலியை வீட்டுப் பக்கமாகப் பத்து முழம் எடுத்துவிட்டுக் கம்பி போட்டிருக்கிறார்கள். அப்பால் நிற்கும் சதுரக்கள்ளி அப்படியே நிற்கிறது. முற்றத்துச் செடியை யாரும் தொடவில்லை. அத்தையே அதைச் சுற்றிக் கல் அடுக்கியிருக்கிறார். தில்லியில் நாம் குடியிருக்கும் பகுதியில் பூங்கா ஓரமாக நின்ற இதே இனத்துச் செடியில் பழம் கண்டோம். வேறு வழியில் வந்த செடி என்பதற்கு அதுவே சான்று. தோட்டக்காரரிடம் சொல்லி ஒரு முழத் துண்டு வாங்கி, வெட்டுவாய் காயும்வரை பதினைந்து நாள் நிழலில் வைத்து, செய்தித்தாளில் சுற்றி இரயிலில் கொண்டு போய்ப் பாட்டியின் செடிக்குப் பத்தடி தள்ளி நட்டுவிட்டு வந்தோம். அது வேர் பிடித்து, இடுப்பளவு வளர்ந்து, இரண்டு கிளையும் விட்டுவிட்டது. இன்னும் பூக்கவில்லை. பழையது மட்டும் வழக்கம்போல் வைகாசியில் பூத்தது என்றும், பேரன் அவ்வாண்டு பதினேழு எண்ணினான் என்றும் அத்தை தொலைபேசியில் சொன்னார்.